ஒண்ணுமில்ல அண்ணன்

எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே அவர் சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல! ஒண்ணுமில்ல!" என்று கத்திக்கொண்டே வருவார். புதிதாகக் குடிவந்தவர்கள் ஏதோ விற்றுக்கொண்டு வருகிறார் என்று நினைத்து வெளியே வருவதுண்டு. நானே வந்திருக்கிறேன். கல்யாணமாகி ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிது. கையில் கிண்ணத்தோடு வாசலில் நின்று, "படி என்ன விலைங்க?" என்று கேட்டேன். அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, உங்க ஊட்டுக்காரர்கிட்ட பம்பு கீதான்னு கேக்க வந்தேன்" என்றார். பக்கத்து வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

அப்படிக் கத்தாமல் அவரால் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க முடியாது. நின்றால் அந்த வீட்டுப் பெண் என்ன ஏது என்று கேட்காமலே வயிற்றில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுவாள். எங்கள் குவார்ட்டர்ஸில் சாவு சொல்லப் போகிறவர் அவர்தான்.

பெயரை எழுதப்போவதில்லை. யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாத மனிதரை நான் இப்போது பேர் ஊர் சொல்லிக் கடைத்தெருவில் நிறுத்த வேண்டாம். ஃபேக்டரியில் வருகைப்பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் அட்டெண்டர். ஒல்லி, உயரம், எந்த வெயிலிலும் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணன் என்போம். அவர் இல்லாத இடத்தில் 'ஒண்ணுமில்ல' என்போம்.

ஊர்ப்பக்கம் என்றால் சாவு சொல்லப் போக ஆள் உண்டு. அதை இன்ன சாதிக்காரன் தலையில் என்று கட்டி வைத்திருப்பார்கள். குவார்ட்டர்ஸில் அந்தக் கட்டு கிடையாது. ஆந்திராக்காரர், மலையாளி, வேலூர்ப்பக்கம், தஞ்சாவூர்ப்பக்கம் என்று கலந்துகட்டி வந்து சேர்ந்த ஜனம். யாராவது போய்விட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். அப்படி நின்ற ஒரு நாளில் யாரோ, "அண்ணா, உங்ககிட்ட சைக்கிள் கீதே" என்றார்களாம். போனார். அதோடு அந்த வேலை அவர் மேல் ஒட்டிக்கொண்டது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வரைக்கும்கூட மிதித்துக்கொண்டு போவார்.

சாவு சொல்லப் போகும்போது மட்டும் மணி அடிக்க மாட்டார். தெருமுனையிலேயே இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். வாசலில் நின்று முதலில் கேட்பது, "அடுப்பு எரியுதாம்மா? அணைச்சிடு." அடுத்து, "கொழந்தையைக் கீழ விடு." அப்புறம், "ஒக்காரு." இதெல்லாம் ஆனபிறகுதான் விஷயத்துக்கு வருவார். ஆரம்பத்தில் ஒரு வீட்டில் கஞ்சிப்பானை கவிழ்ந்து அந்தப் பெண்ணின் கால் வெந்துபோனதாம். அதிலிருந்து பிடித்த வழக்கம். சாவு சொன்ன வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். சாவு வீட்டில் சொல்லக்கூடாது என்பதால் 'போயிட்டு வரேன்' என்றும் சொல்ல மாட்டார். சத்தமில்லாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

சொல்கிற வார்த்தையும் ஒன்றே ஒன்றுதான். "தவறிட்டாரு." அதற்கு மேல் பிடுங்கினாலும் வராது.

கிழம் கட்டை போனால் சரி. மற்ற சாவுகளுக்கு? அண்ணனூர் பக்கம் ரயில் தண்டவாளத்தில் ஒருத்தர் போய்விட்டார். ஊரே "தலையைக் கொடுத்துட்டான்" என்று பேசியது. இவர் அந்த வீட்டில் போய், "ரயில்ல அடிபட்டுத் தவறிட்டாரு" என்று சொல்லிவிட்டு வந்தார். என் வீட்டுக்காரர் கேட்டார், "என்னண்ணா, அவர் வேணும்னுதானே போய் நின்னாரு?" அவர் சாவகாசமாக, "அவரு மனசுல இன்னா இருந்துச்சுன்னு ரயிலுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்றார்.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த கிணற்றில் ஒரு பெண் கிடந்தாள். அவள் பிறந்த வீட்டார் "தள்ளிட்டாங்க" என்றார்கள். புகுந்த வீட்டார் "வழுக்கி விழுந்துட்டா" என்றார்கள். நாங்கள் பெண்கள் எங்களுக்குள்ளே "குதிச்சுட்டா" என்றோம். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "கிணத்துலேர்ந்து எடுத்தாங்க." போலீஸ்காரரும் அவரிடம் கேட்டுப் பார்த்துச் சலித்துப் போனாராம். "எடுத்ததைப் பாத்தேன் சார். எடுத்தாங்க" என்றாராம்.

எனக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். நான் எதையும் நேருக்கு நேராகக் கேட்டு வளர்ந்தவள். இந்த மனிதர் உப்பும் இல்லாமல் உறைப்பும் இல்லாமல் பேசுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சாவில்தான் இப்படி என்றால் தினப்படிப் பேச்சும் அப்படித்தான். அவர் மனைவி என்னிடம் வந்து அழாக்குறையாகச் சொல்லுவாள்: "புதுப் புடவை கட்டிக்கினு போய் எப்படி கீதுன்னு கேட்டேன்டி. நீளமா கீதுன்றாரு!" ஒரு கல்யாணத்தில் சாம்பார் எப்படி என்று கேட்டதற்கு "சூடா இருந்துச்சு" என்றவர் அவர். நாங்கள் அவரை வைத்து அடித்த கொட்டத்துக்கு அளவில்லை.

ஆனால் அவரை யாரும் நல்ல காரியத்துக்கு முதலில் கூப்பிட மாட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். நான் மாசமாக இருந்தபோது என் மாமியார் அவர் மணிச்சத்தம் கேட்டாலே என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார். வெளியே அவர், "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்று இன்னும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போவார். சாத்தின கதவு அவர் கண்ணில் படாமலா இருந்திருக்கும்?

அறுபதுகளின் கடைசி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் வீட்டுக்காரர் ஓவர்டைமுக்குப் போயிருந்தார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். தெருமுனையில் சைக்கிள் தெரிந்தது. அவர் இறங்கினார். மணி அடிக்கவில்லை. தள்ளிக்கொண்டு வந்தார்.

ஒவ்வொரு வீடாகப் பார்த்தேன். இந்த வீட்டில் நின்றுவிடு, அந்த வீட்டில் நின்றுவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வெட்கம் கெட்ட வேண்டுதல்தான். அவர் எங்கேயும் நிற்காமல் என் வாசலில் வந்து நின்றார்.

"உங்க ஊட்டுக்காரருக்கு ஒண்ணுமில்ல. மொதல்ல அதைக் கேட்டுக்கோ" என்றார். அப்புறம், "அடுப்பு எரியுதா?"

அணைத்தேன். குழந்தையைக் கீழே விட்டேன். உட்கார்ந்தேன்.

"சேகர் தவறிட்டான்மா."

சேகர் என் பெரியம்மா மகன், சின்னவன். பெரியவன் மணி. பூந்தமல்லி பக்கம் நூம்பலில் பெரியம்மா ஒண்டியாக நாற்று நட்டு, செங்கல் சூளையில் கல் சுமந்து வளர்த்த பிள்ளைகள். இரண்டு பேருக்கும் ஆவடியில் வேலை கிடைத்து முத்தாபுதுப்பேட்டையில் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார்கள். சேகர் வாரா வாரம் என் வீட்டுக்கு வந்து, "அக்கா, உன் கொழம்புல உப்பு பத்தல" என்று சொல்லிக்கொண்டே சட்டியை வழித்துவிட்டுப் போகிறவன்.

"எப்படிண்ணா?"

"பக்கத்து ரூம்காரங்க கூப்ட்டாங்க, போனேன். அண்ணனும் தம்பியும் ரூம்ல இருந்தாங்க. மணி பலாப்பழம் அறுத்துக்கினு இருந்தானாம். வாய்ச்சண்டை. சேகருக்குக் கத்தி பட்டுடுச்சு."

கத்தி பட்டுவிட்டதாம்! மணியின் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீடு போனதை வைத்துச் சேகர் ஏதோ கிண்டல் செய்தானாம், அது பின்னால் தெரிந்தது. மணிக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது, அது எங்கள் குடும்பத்துக்கே தெரியும். "கொன்னுட்டான்னு சொல்லுங்க. கூடப் பொறந்தவனையே குத்திக் கொன்னுட்டான் அந்தப் பாவி" என்று கத்தினேன். அவர் நான் கத்தி முடிக்கும் வரை நின்றார். பிறகு, "உங்க பெரிம்மாவுக்குச் சொல்லணும். எனக்கு ஊடு தெரியாது. வரியா?" என்றார்.

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினோம். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றார். வழியெல்லாம் எனக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன.

"அண்ணா, பெரியம்மாகிட்ட இந்த மழுப்பலெல்லாம் வேணாம். உள்ளதைச் சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"சொல்லும்மா. யாரு வேணான்னாங்க?" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி சொன்னார்: "நீ சொல்லிட்டுப் பொழுதோட பஸ் ஏறிடுவ. அந்தம்மா சாவற வரைக்கும் அந்த வார்த்தையோட குடித்தனம் பண்ணணும். அதை மட்டும் யோசிச்சுக்கோ."

அந்த நேரத்தில் எனக்கு அது கேட்கவே பிடிக்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வேலப்பன்சாவடியில் இறங்கி நூம்பலுக்கு நடந்தோம். ஏரிக்கரையைத் தாண்டினதும் பெரியம்மா வீடு. வாசலில் கல் அடுப்பு மூட்டி நெல் அவித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துபோய், "வாடி வா, இன்னா திடீர்னு? பசங்க வரலியா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "அடுப்பை அணைச்சிடுங்கம்மா" என்றார்.

பெரியம்மாவுக்கு அவரைத் தெரியாது. ஆனால் ஒரு அந்நிய ஆள் வந்து அடுப்பை அணைக்கச் சொன்னால் எதற்கு என்று வயதானவளுக்குத் தெரியாதா? செம்பிலிருந்த தண்ணீரை விறகில் ஊற்றினாள். புகை எழும்பியது. சொல்லாமலே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சின்னவரு தவறிட்டாரும்மா."

பெரியம்மா அழவில்லை. "பெரியவன் எங்க?" என்றாள்.

"இருக்காரு. போலீஸ் ஸ்டேசன்ல கீறாரு."

அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அது கண்ணெதிரே தெரிந்தது. நிலையைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயின.

"குத்திட்டானா?"

"கையில கத்தி இருந்துச்சு. சண்டை வந்துச்சு. சின்னவருக்குக் கத்தி பட்டுடுச்சு. நான் போனப்போ பெரியவரு தம்பியை மடியில போட்டுக்கினு, 'எங்கம்மாவுக்கு நான் இன்னா சொல்லுவேன், எங்கம்மாவுக்கு நான் இன்னா சொல்லுவேன்'னு அழுதுகினு இருந்தாரு. நான் பாத்ததும் கேட்டதும் அதாம்மா. மத்தது நான் பாக்கல."

பெரியம்மா என் பக்கம் திரும்பினாள். நீ சொல்லு என்று கேட்கிற பார்வையா, நீ எதையும் சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற பார்வையா, தெரியவில்லை. பஸ்ஸில் நான் தயார் செய்து வைத்திருந்தது நாக்கு நுனி வரை வந்தது. அவள் பிள்ளைகள் இரண்டு. ஒன்று போய்விட்டது. இன்னொன்றையும் என் வாயால் நான் எடுத்துவிடவா? "ஆமாம் பெரிம்மா. கத்தி பட்டுடுச்சு" என்றேன்.

அதற்கப்புறம்தான் அவள் அலறினாள்.

அவர் தண்ணீர் குடிக்காமல், சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். நான் ஏரிக்கரை வரை பின்னால் ஓடினேன். எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். "அண்ணா, உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு என்ன தோணுது?"

அவர் நின்றார். அதுவரை அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. "பிடி வரைக்கும் எறங்கி இருந்துச்சும்மா. தானா பட்டா அவ்ளோ ஆழம் போவுமா? நான் இன்னா பச்சைப்புள்ளையா?" என்றார். "எவ்ளோ ஆழம்னு அந்தம்மா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன். அவங்க கேக்கல. கேக்காததை எடுத்துக் குடுக்க நான் யாரு?"

சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுபடி பொத்தானைப் போட்டார். நடந்து போய்விட்டார். இதுநாள் வரை நாங்கள் கேலி செய்த அந்த ஆள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எவ்வளவை விழுங்கிக்கொண்டு நின்றிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அப்புறம் நான் அவரை 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிச் சிரித்ததில்லை. மற்றவர்கள் சிரித்தால் எழுந்து போய்விடுவேன்.

கோர்ட்டிலும் அவர் அதையேதான் சொன்னார். "கத்தி எவ்வளவு தூரம் இறங்கியிருந்தது?" என்று கேட்டபோது, பிடி வரைக்கும் என்றார். "குத்தியதைப் பார்த்தீரா?" என்றபோது, இல்லை என்றார். இரண்டு பக்க வக்கீலுக்கும் அவர் மேல் கோபம். மணிக்கு ஜெயில் ஆயிற்று.

நூம்பலில் பெரியம்மாவைச் சும்மா விடவில்லை. குழாயடியில் ஒருத்தி, "தம்பியைக் கொன்னவனைப் பெத்தவ" என்று ஜாடை பேசியிருக்கிறாள். பெரியம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீ பாத்தியா? பக்கத்துல நின்னு பாத்தியா? என் சின்னவனுக்குக் கத்தி பட்டுடுச்சு. பாக்காதவ வாயை மூடிக்கினு தண்ணி புடிச்சிக்கினு போ" என்றாளாம். யார் கேட்டாலும் அதே வார்த்தைதான். கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று ஊரில் முடிவு கட்டினார்கள்.

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒரு நாள் அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது அவளாகவே சொன்னாள்: "எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியாடி? நான் பெத்தவ. அவன் கோவம் எனக்குத் தெரியாதா? குத்தித்தான் இருப்பான்." எனக்குக் கை நின்றுவிட்டது. "ஆனா அந்த ஆளு ஒரு வார்த்தையைக் குடுத்துட்டுப் போனான் பாரு. அதைப் புடிச்சிக்கினுதான் உசுரோட கீறேன். நல்லாத் தேயி, இன்னா கை நின்னுடுச்சு?"

வருஷங்கள் ஓடின. எனக்கு அடுத்தடுத்து இன்னும் இரண்டு குழந்தைகள். அண்ணனுக்குத் தலை நரைத்தது. சாவு சொல்லப் போவது குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சில நேரம் ஆளைக் காணோம் என்று அவர் மனைவி சொல்லுவாள். எங்கே என்று கேட்டால், "ஒருத்தரைப் பாத்துட்டு வரேன்" என்பாராம். யாரை என்று கேட்டால், "உயிரோட இருக்கறவரை" என்பாராம். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

எழுபதுகளின் கடைசியில் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் என்று பார்க்கப் போயிருந்தேன். கொஞ்சம் தேறி எழுந்து, நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் வாசல் அடுப்பில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கரைப் பக்கம் சைக்கிள் மணி கேட்டது. விடாமல் அடித்தது. அதோடு சேர்ந்து ஒரு குரல்.

"ஒண்ணுமில்லம்மா! ஒண்ணுமில்ல!"

பெரியம்மாவுக்கு அந்தக் கத்தலைப் பற்றி எதுவும் தெரியாது. வருகிறவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. கையிலிருந்த அகப்பையோடு எழுந்து நின்றுவிட்டாள். "இனிமே யாருடி கீறாங்க, சாவறதுக்கு?" என்றாள். நான், "இல்ல பெரிம்மா, சைக்கிள் மணி அடிச்சிக்கினு வராருன்னா நல்லதுக்கு" என்றேன்.

சைக்கிள் வந்து நின்றது. அவருக்கு மூச்சு வாங்கியது. பின் கேரியரில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த ஆள் மெதுவாக இறங்கினான். முடி பாதி கொட்டியிருந்தது. கையில் ஒரு துணிப்பை.

"பெரியவரு வந்திருக்காரும்மா" என்றார் அண்ணன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தது யாரை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பெரியம்மா திரும்பி உள்ளே போய்விட்டாள். மணி வாசலைத் தாண்டவில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். கதவைச் சாத்திவிடுவாளோ என்று பயந்தேன்.

செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தாள். நேராக அண்ணனிடம் போய் நீட்டினாள். "அன்னிக்கு ஒரு வாய் தண்ணி குடிக்காம போயிட்டியே நைனா. குடி."

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது. செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். ஏறுவதற்கு முன்னால், "போயிட்டு வரேன்மா" என்றார்.

அவர் ஏரிக்கரை ஏறும் வரை யாரும் அசையவில்லை. மணிக்குத்தான் முதலில் வாய் வந்தது.

"அம்மா, சேகரை நான்தான்மா..."

"அவனுக்குக் கத்தி பட்டுடுச்சு. எனக்குத் தெரியும்" என்றாள் பெரியம்மா. "கை காலைக் கழுவிக்கினு வா. அடுப்பு எரிஞ்சிக்கினு கீது."